செகண்ட்ஹேண்ட் காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருடம் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். எல்லா கம்பெனி வண்டியும் வரும் இடம். வாரண்டி கிளைம் பேப்பரை நிரப்பி, பழுதான பாகத்தைப் போட்டோ எடுத்து மெயில் அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, கடைசியில் வண்டிக்காரரிடம் "சார், அப்ரூவல் வரலை" என்று சொல்வதும் என் வேலையில் சேர்த்தி. அதைச் சொன்னபோது எதிரே நின்றவர்களின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரண்டி புக்லெட்டை முதல்முறையாகப் பிரித்துப் பார்த்ததே என் மேசையில்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பது, வண்டியோடு வந்த வாரண்டிக்கு மேல், பாகம் பழுதானால் அந்தச் செலவை ஏற்பதற்காகத் தனியாகக் காசு கட்டி வாங்குவது. சொந்தக்காரர்களும் நண்பர்களும் பழைய கார் வாங்கும்போது போன் போட்டுக் கேட்கிற கேள்விகள்தான் இவை.

எனக்குத்தான் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கே, பம்பர் டு பம்பர் போட்டிருக்கேன். அப்புறம் வாரண்டி எதுக்கு?

இரண்டும் வேறு வேறு. பம்பர் டு பம்பர் என்பது தேய்மானம் கழிக்காமல் பாகத்தின் விலையைத் தரும் இன்சூரன்ஸ், அவ்வளவுதான். வண்டி எதிலாவது மோதினால், திருடு போனால், மரம் விழுந்தால் இன்சூரன்ஸ். ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒரு பாகம் தானாகக் கெட்டுப்போனால் வாரண்டி. ஏசி கம்ப்ரஸர் ஜாம் ஆனால் எந்த பம்பர் டு பம்பர் பாலிசியும் பைசா தராது. அதேபோல் வண்டி இடிபட்டு ரேடியேட்டர் உடைந்தால் வாரண்டிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் நிறைய பேர் விழுகிறார்கள்: மழைத் தண்ணீர். தேங்கிய தண்ணீரில் இறக்கி, இன்ஜினுக்குள் தண்ணீர் போய், கனெக்டிங் ராடு வளைந்தால் அது வாரண்டியிலும் வராது, சாதாரண ஃபுல் இன்சூரன்ஸிலும் பெரும்பாலும் வராது. இன்சூரன்ஸில் 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனியாக ஒரு ஆட்-ஆன் வாங்கியிருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னை, கடலூர் பக்கம் வண்டி ஓட்டுகிறவர் வாரண்டியா இன்ஜின் புரொடெக்டா என்று கேட்டால், முதலில் இன்ஜின் புரொடெக்ட் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

வாரண்டி எல்லாம் ஒண்ணுதானே? விலை கம்மியா இருக்கறதை எடுத்தா போதாதா?

இல்லை. கொடுப்பது யார் என்று முதலில் கேளுங்கள்.

கார் தயாரித்த கம்பெனியே நீட்டித்துத் தருவது ஒரு வகை. இது வண்டியின் சேசிஸ் நம்பரோடு (ஆர்சியில் இருக்கும் வண்டியின் அடையாள எண்) ஒட்டியிருக்கும், அந்த கம்பெனியின் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் சிஸ்டத்தில் தெரியும், கிளைமும் அதிகம் இழுபறி இல்லாமல் நடக்கும். என் அனுபவத்தில் இதுதான் முதல் தரம். ஆனால் பெரும்பாலும், ஏற்கெனவே இருக்கும் வாரண்டி முடிவதற்குள் வாங்கினால்தான் கொடுப்பார்கள். ஏழு வருட வண்டியைக் கொண்டுபோய்க் கேட்டால் கிடைக்காது.

இரண்டாவது, பழைய கார் விற்கும் நிறுவனம் தன் வண்டிக்குத் தானே தருவது. மாருதியின் பழைய கார் பிரிவான ட்ரூ வேல்யூவில் சான்றளித்த வண்டிகளுக்கு ஒரு வருடம் வரை வாரண்டியும் 3 இலவச சர்வீஸும் தருகிறார்கள். இப்படி விலைக்குள் அடங்கி வருவதை வேண்டாம் என்று சொல்லக் காரணமே இல்லை, வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் காசு கொடுத்து நீட்டிக்கச் சொல்லும்போதுதான் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, கார் கம்பெனிக்கும் விற்கிறவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு மூன்றாம் நிறுவனம் தருவது. டீலர் உங்களிடம் பணம் வாங்குவார், ஆனால் கிளைமுக்கு ஆம், இல்லை சொல்வது எங்கோ வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். இதில் நல்லதும் உண்டு. ஆனால் டீலர் வாயால் சொல்கிற எதுவும் அந்த மூன்றாம் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. "எல்லாமே கவர் ஆகும் சார்" என்று விற்பனைப் பையன் சொன்னால், "சரி தம்பி, இதை இந்தப் பேப்பர்ல எழுதி சீல் வச்சுக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள்.

வாங்கப் போற வண்டியில ஏற்கெனவே வாரண்டி மிச்சம் இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

சேசிஸ் நம்பரை வாங்கிக்கொண்டு அந்த கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள், அல்லது விற்கிறவரையே அழைத்துப் போங்கள். வாரண்டி எந்தத் தேதி வரை, எத்தனை கிலோமீட்டர் வரை, இதுவரை என்னென்ன வேலை நடந்திருக்கிறது என்று எல்லாம் ஸ்கிரீனில் வரும். மீட்டர் குறைத்திருந்தால் அதுவும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு வருடம் முன்பு 71,000-ல் சர்வீஸ் விட்ட வண்டி இன்று 48,000 காட்டுகிறதென்றால், வாரண்டி பேச்சே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் கணக்கு வேறு. மாருதியில் முன்பு 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர்தான் இருந்தது, 2024 ஜூலையிலிருந்துதான் 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் ஆக்கினார்கள். அதனால் 2023-ல் எடுத்த வண்டியை வாங்குகிறவர், புது விளம்பரத்தைப் பார்த்து 3 வருடம் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் ஓனர் காசு கட்டி நீட்டித்திருந்தால் அது வேறு.

முதல் ஓனர் நீட்டித்த வாரண்டி பொதுவாக வண்டியோடே உங்களுக்கு வரும். ஆனால் தானாக வராது. ஆர்சி உங்கள் பெயருக்கு மாறியதும் அதன் நகலைக் கொடுத்து, வாரண்டியையும் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு நாள் கெடு வைத்திருப்பவர்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸும் இப்படித்தான், கை மாறிய 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டால் மறக்காது.

எந்த வண்டிக்குப் போடலாம், எந்த வண்டிக்கு வேண்டாம்?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். கம்பெனி பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கியர்பாக்ஸையும் இன்ஜினையும் பாருங்கள்.

பெட்ரோல், மேனுவல் கியர், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) இல்லாத சின்ன வண்டி. 2018 ஸ்விஃப்ட், 60,000 கிலோமீட்டர் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருட வாரண்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 18,000 கேட்கிறார்கள். இந்த மாதிரி வண்டியில் ஒரு வருடத்துக்குள் என்ன பெரிதாகப் போய்விடும்? ஏசி கம்ப்ரஸர், ஆல்டர்னேட்டர், ஸ்டியரிங் மோட்டார். ஏதோ ஒன்று போய் வாரண்டிக்காரர் சராசரியாக 25,000 தருகிறார் என்று வைத்தாலும், நீங்கள் கட்டிய காசு வீணாகாமல் இருக்க வேண்டுமானால் நூறு வண்டியில் எழுபத்திரண்டு வண்டி ஒரே வருடத்தில் அப்படிப் பழுதாக வேண்டும். அவ்வளவு மோசமான வண்டி என்றால் அதை ஏன் வாங்குகிறீர்கள்? இந்த வகைக்கு நான் வாரண்டி போடச் சொல்வதில்லை. இதன் பாகம் எல்லா ஊரிலும் கிடைக்கும், எல்லா மெக்கானிக்குக்கும் வேலை தெரியும், ரொம்பக் கையைக் கடித்தால் சென்னை புதுப்பேட்டையில் நல்ல பழைய கம்ப்ரஸரே தேடி எடுக்கலாம்.

இப்போது மறுபக்கம். டிஎஸ்ஜி மாதிரி இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், சிவிடி (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்), டர்போ பெட்ரோல், பிஎஸ்6 (2020-ல் வந்த புகை விதி) டீசல். இதில் ஒரு பாகம் போனாலே பில் வேறு ரகம். டிஎஸ்ஜியில் மெகட்ரானிக்ஸ் என்று ஒரு யூனிட் உண்டு, கியர் மாற்றுவதற்கு மூளையும் கையும் அதுதான். அது போய் மொத்தமாக மாற்ற வேண்டி வந்தால் இரண்டு லட்சத்தை ஒட்டி எஸ்டிமேட் வரலாம். இந்த வண்டிக்கு 35,000 கேட்டால், நூற்றுக்குப் பதினெட்டு வண்டியில் அந்தப் பழுது வந்தாலே கணக்கு நேராகிவிடும். அதோடு, இரண்டு லட்சம் பில் பார்த்தால் நம்மில் பலருக்கு வீட்டு பட்ஜெட்டே ஆடிப்போகும். தாங்க முடியாத செலவுக்குத்தான் முன்கூட்டியே காசு கட்ட வேண்டும், தாங்கக்கூடிய செலவுக்கு வேண்டாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த 35,000 ரூபாய் வாரண்டியில் 'ஒரு கிளைமுக்கு அதிகபட்சம் 1 லட்சம்' என்று உச்சவரம்பு இருந்தால், நூற்றுக்கு முப்பத்தைந்து வண்டி பழுதாக வேண்டும், மீதி ஒரு லட்சம் உங்கள் பையிலிருந்துதான் போகும். சிலர் ஓடிய கிலோமீட்டரைப் பொறுத்துப் பாகத்தின் விலையில் பாதியைத்தான் தருவார்கள். ஆகவே விலையைக் கேட்கும்போதே உச்சவரம்பையும் கேளுங்கள்.

ஏஎம்டி (மேனுவல் கியரையே தானாக மாற்றும் ஆட்டோமேட்டிக்) இதற்கு நடுவில் வரும். கிளட்சும் கியரும் மேனுவலில் இருப்பதுதான், அவற்றை நமக்குப் பதிலாக இயக்கும் ஆக்சுவேட்டர் ஒன்று கூடுதல். ஆக்சுவேட்டர் கவர் ஆகும் என்று புக்லெட்டில் பெயர் சொல்லி எழுதியிருந்தால் யோசிக்கலாம். கிளட்ச் பிளேட் எப்படியும் கவர் ஆகாது.

எதெல்லாம் கவர் ஆகாது?

தேயும் பாகம் எதுவும் ஆகாது: கிளட்ச், பிரேக் பேட், டயர், வைப்பர், ஹோஸ், பெல்ட், பல்பு, பெரும்பாலும் சஸ்பென்ஷன் புஷ்ஷும். பழைய வண்டியில் அடிக்கடி செலவு வைப்பது இவைதான் என்பதை நினைவில் வையுங்கள். நம் ஊர்ச் சாலையில் லோயர் ஆர்ம் சத்தம் வராத செகண்ட்ஹேண்ட் வண்டி அபூர்வம்.

இதைவிட முக்கியம், தேயும் பாகத்தால் பெரிய பாகம் கெட்டால் என்ன ஆகும் என்பது. ஒருமுறை ஒரு குடும்பம் ஊட்டிக்குப் போனது. டீசல் வண்டி, வாங்கி ஐந்து மாதம், மூன்றாம் நிறுவன வாரண்டி போட்டிருந்தார்கள். கல்லாறு தாண்டி பர்லியாறு ஏறும்போது ரேடியேட்டர் ஹோஸில் விரிசல் விட்டு கூலன்ட் ஒழுகியிருக்கிறது. டெம்பரேச்சர் முள் ஏறுவதைப் பார்த்தும், பின் சீட்டில் வயதான அம்மா, வளைவில் நிறுத்த இடமில்லை, குன்னூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டிவிட்டார்கள். ஹெட் (இன்ஜினின் மேல் பகுதி) வளைந்துவிட்டது. எங்களிடம் வந்தபோது கூலன்ட் டேங்கின் மூடியைத் திறந்தால் உள்ளே கருத்த எண்ணெய்ப் பிசுக்கு. ஹெட்டைக் கழற்றி, சமன் செய்து, கேஸ்கெட் போட்டு, 40,000-க்கு மேல் ஆகும் என்று எஸ்டிமேட் போட்டேன். கிளைம் இரண்டு நாளில் திரும்பி வந்தது. ஹோஸ் கவர் ஆகாத பாகம், அதனால் விளைந்த சேதமும் கவர் ஆகாது, தவிர எச்சரிக்கை வந்தும் வண்டியை ஓட்டியிருக்கிறீர்கள் என்று இரண்டு காரணம். ஹோஸின் விலை எண்ணூறு ரூபாய்கூட இல்லை. அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்து, "அப்போ எதுக்குத்தான் கண்ணு அந்தப் பணம் கட்டினோம்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

புக்லெட்டில் 'கவர் ஆகாத பாகத்தால் விளையும் சேதம்' என்ற வரியைத் தேடுங்கள். இருந்தால், அந்த வாரண்டியின் மதிப்பைப் பாதியாக எடை போடுங்கள். அப்படியே 'வாரண்டிக்கு முன்பே இருந்த குறை', 'முதல் 30 நாளுக்குள் வரும் பழுது' ஆகிய வரிகளும் இருக்கும். பழைய வண்டியில் பதுங்கியிருக்கும் குறை முதல் மாதத்திலேயே வெளியே வரும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

எங்க மெக்கானிக் கிட்டயே சர்வீஸ் விட்டா வாரண்டி போயிடுமா?

கம்பெனி வாரண்டி என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். மூன்றாம் நிறுவனத்தில் சிலர் வெளி ஒர்க்‌ஷாப்பை ஒத்துக்கொள்வார்கள், ஆனால் ஜிஎஸ்டி பில் கேட்பார்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த ஆயில் கணக்கு செல்லாது. 10,000 கிலோமீட்டரில் விட வேண்டிய சர்வீஸை 13,000-ல் விட்டாலே மறுக்க அது போதும்.

உங்கள் மெக்கானிக்கிடம் வருடத்துக்கு ஐயாயிரத்தில் முடிகிற சர்வீஸ் ஷோரூமில் பத்தாயிரத்தைத் தாண்டும் என்றால், அந்த வித்தியாசத்தையும் வாரண்டி விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். யாரும் இதைக் கூட்டுவதில்லை. வெளியில் மாட்டிய சிஎன்ஜி கிட், வயரை வெட்டி இணைத்த ஹெட்லைட், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ இருந்தாலும் எலக்ட்ரிகல் கிளைம் கஷ்டம்தான்.

லோன்ல சேர்த்துடலாம், மாசம் ஐந்நூறு ரூபாய்தான் கூடும்னு சொல்றாங்களே?

வேண்டாம். 20,000 ரூபாய் வாரண்டியை 14 சதவீத வட்டியில் 4 வருட லோனில் சேர்த்தால் மாதம் சுமார் 547 ரூபாய், மொத்தம் 26,000-க்கு மேல் கட்டுவீர்கள். வாரண்டி ஒரு வருடத்தில் முடிந்துவிடும், நீங்கள் அதற்கு இன்னும் மூன்று வருடம் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். வாரண்டி போட்டால்தான் லோன் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அந்த நிபந்தனையை பேங்க் லெட்டரில் காட்டச் சொல்லுங்கள்.

தனி ஆள் கிட்ட நேரடியா வாங்கறேன். வாரண்டியே இல்லையே, பயமா இருக்கு.

பயத்துக்கு முதல் மருந்து, வாங்குவதற்கு முன் செய்கிற சோதனை. விற்கிறவருக்குச் சம்பந்தமில்லாத, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்தாலும் தகும். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த பழுதுகளைக் காட்டும் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள், எரர் கோடு நேற்றுத்தான் அழிக்கப்பட்டிருக்கிறது என்றால் அனுபவமுள்ளவர் கண்டுபிடித்துவிடுவார்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பார்க்க ஒரு வழி: டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, வழக்கமாக வெளியே வராத அந்த அடிப்பகுதியை வெளிச்சத்தில் பாருங்கள். சீட்டைக் கழுவுவார்கள், கார்ப்பெட்டை மாற்றுவார்கள், பெல்ட்டின் உள்சுருளைப் பலர் விட்டுவிடுவார்கள். அங்கே வண்டல் கோடு தெரியும். சீட் தண்டவாளத்தின் திருகுகளில் துரு இருக்கிறதா என்று குனிந்து விரலால் தடவிப் பாருங்கள். இப்படிப்பட்ட வண்டிக்கு எந்த வாரண்டியும் உதவாது, 'முன்பே இருந்த குறை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

வாரண்டிக்குப் பதிலா அந்தப் பணத்தை நானே எடுத்து வச்சா?

சின்ன பெட்ரோல் வண்டிக்கு நான் சொல்வது இதைத்தான். 18,000-ஐ ஒரு தனிக் கணக்கில் போட்டு, மாதம் ஆயிரம் சேர்த்து வாருங்கள். கிளட்ச் போனாலும் எடுக்கலாம், புஷ் போனாலும் எடுக்கலாம், யாருடைய அப்ரூவலும் வேண்டாம். பழுதே வரவில்லையென்றால் பணம் உங்களுடையது. ஆனால் நிஜமாகவே தனியாக வைக்க வேண்டும். தீபாவளிக்குக் கை வைத்துவிடுவேன் என்று தோன்றுகிறவர்கள் வேறு யோசிக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எலக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டிக்கு?

பெரிய செலவு பேட்டரி. அதற்குப் பொதுவாக 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் கம்பெனி வாரண்டியே இருக்கிறது, டொயோட்டா ஹைப்ரிட் பேட்டரிக்கும் அதே கணக்குதான். ஆனால் 'லைஃப்டைம் பேட்டரி வாரண்டி' என்று விளம்பரம் பார்த்துவிட்டுப் பழைய வண்டி வாங்காதீர்கள். எம்ஜி வின்ட்சரில் அந்த லைஃப்டைம் முதல் ஓனருக்கு மட்டும்தான். இரண்டாவது ஓனருக்கு 8 வருடம், 1,60,000 கிலோமீட்டர் என்று இறங்கிவிடும், அதுவும் வண்டி முதலில் விற்ற நாளிலிருந்து கணக்கு.

12 வோல்ட் பேட்டரி, டயர்?

அவற்றுக்குத் தயாரிப்பாளர் வாரண்டி தனியாக உண்டு. முந்தைய ஓனரிடம் பேட்டரி பில்லையும் வாரண்டி கார்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளைமை மறுத்துட்டாங்க. என்ன செய்யறது?

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், எந்த விதியின்படி என்று எண்ணோடு. போனில் சொன்னது போதாது. பழுதான பாகத்தை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவராதீர்கள், கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். பின்னால் சாட்சி அதுதான். ஒன்று மறக்காதீர்கள்: அப்ரூவல் வருவதற்கு முன் பிரித்து வேலை பார்த்துவிட்டால், அதையே காரணமாக்கி மறுப்பார்கள்.

அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். தமிழிலேயே பேசலாம். அங்கேயே தீர்ந்த வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்த 2 வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது, வக்கீல் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. விற்றபோது வந்த வாட்ஸ்அப் மெசேஜ்களை அழிக்காதீர்கள். 'எல்லாம் கவர் ஆகும்' என்று எழுதி அனுப்பியிருந்தால் அதை பிரிண்ட் எடுத்து மனுவோடு இணையுங்கள்.

இன்னொன்று. கம்பெனியே ரீகால் அறிவித்த குறை (தயாரிப்பில் தவறு என்று வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) என்றால் வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் செய்து தருவார்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்து, பாக்கி ரீகால் ஏதாவது இருக்கிறதா என்று வாங்கும் அன்றே கேளுங்கள்.

நீங்க உங்க வண்டிக்குப் போட்டீங்களா?

என் வண்டி பெட்ரோல் மேனுவல், போடவில்லை. தங்கை வீட்டுக்காரர் போன மாதம் ஒரு டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக் வாங்கினார். கம்பெனி வாரண்டி முடிய ஏழு வாரம் பாக்கி இருந்தது. "மாப்பிள்ளை, இந்த ஏழு வாரத்தை விட்டுடாதீங்க" என்று சொல்லி நானே சர்வீஸ் சென்டருக்குக் கூட்டிப் போனேன். கவுன்டரில் இருந்த பெண்ணிடம் புக்லெட்டை வாங்கி, கியர்பாக்ஸ் கன்ட்ரோல் யூனிட்டும் டர்போவும் கவர் ஆகிற பட்டியலில் இருக்கின்றனவா என்று இரண்டு பேரும் விரல் வைத்துத் தேடினோம். ஒன்பதாம் பக்கத்தில் இரண்டும் இருந்தன. அப்புறம்தான் மாப்பிள்ளை பணம் கட்ட கார்டை எடுத்து நீட்டினார்.